ஐந்தாவது பெயர்

இப்படித் தள்ளி வந்து உட்காருங்க சார், அங்கே தகரம் ஓட்டை. அந்தப் பின்பக்கத் தூணில் சாய்ந்துகொள்ளுங்க. அங்கே ஒரு சொட்டு விழாது. கோடை மழைதான். அடித்தால் அரை மணி நேரம் அடிக்கும். அப்புறம் அந்தச் சிமெண்டுத் தரையில் நிற்கிற தண்ணீரைத் தள்ள இன்னொரு அரை மணி நேரம். அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. மூன்றாவது குவார்ட்டரில் நாலு நிமிஷம் பன்னிரண்டு செகண்ட் பாக்கி. கரூர் முப்பத்தொன்பது, திண்டுக்கல் முப்பத்தாறு. போர்டைப் பார்க்காமல் சொல்கிறேன் பாருங்க. முப்பத்தோரு வருஷம் அந்த பாஸ்கெட்பால் ஸ்கோர் மேஜையில் உட்கார்ந்தவன். பேர் சவரிமுத்து.

உங்களை எனக்குத் தெரியும். கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிற பி.டி. சார் என்று மைக்கில் வரவேற்றார்களே. எதற்கு வந்தீர்கள் என்பதை மைக்கில் சொல்லவில்லை. ஆனால் மே மாதத்தில் ஒரு பி.டி. சார் பையும் நோட்டுமாக வெளியூர் மைதானத்தில் உட்கார்ந்திருந்தால், அது ஆட்டம் பார்க்கிற ஆசையால் இல்லை. ஒரு சீட் இருக்கிறது. சரிதானே? முதுகலையில், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில், ஒரே ஒரு சீட். ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். பிரின்சிபாலுக்குப் பேர் எப்போது சொல்ல வேண்டும்? இன்று சாயங்காலமா? அதானே பார்த்தேன், உங்கள் முகத்திலேயே எழுதியிருக்கிறது.

நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் பெரிய கல்லூரிகள் மார்ச் மாதமே அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். மிச்சம் இருக்கிறவர்களில் இன்றைக்கு யாருக்கும் தெரியாத, அடுத்த சீசனில் எல்லாருக்கும் தெரியப்போகிற ஒருவன் உங்களுக்கு வேண்டும்.

அதைத்தான் சார் நான் செய்துகொண்டிருந்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இந்தக் கல்லூரி ஆபீசில் அட்டெண்டர். கோப்பு தூக்குவேன், மணி அடிப்பேன். ஸ்கோர் ஷீட் எழுத எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பழைய ஷீட்டுகளை ஆபீசில் கட்டிப் போட்டிருந்தார்கள். அவற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு நானே படித்தேன். ஒரு பையன் தரையில் இறங்கினால் அவன் பேருக்கு நேரே ஓர் எக்ஸ். கூடையில் போட்டால் ஒரு கோடு. ஃபவுல் செய்தால் அஞ்சு கட்டத்தில் ஒன்று நிரம்பும். அவ்வளவுதான். நாற்பது நிமிஷ ஆட்டத்தை ஒரே தாளில் மடித்து வைத்துவிடலாம். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. என் ஷீட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. நடுவர் விரலைத் தூக்கிக் காட்டுவார், நான் எழுதுவேன். நடுவரின் விரலைப் பார்ப்பேன், ஷீட்டைப் பார்ப்பேன், மறுபடி விரல். அதுதான் வேலை.

அப்போது இங்கே ஒரு மாலைப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதில் விளையாட்டுப் பக்கம் பார்த்தவர் ஒருநாள் என்னிடம், அண்ணே, எல்லா மேட்சும் உங்க கையிலேதானே எழுதறீங்க, அடுத்த வருஷம் யார் மேலே வருவாங்கன்னு அஞ்சு பேர் எழுதிக் குடுங்களேன் என்றார். எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருஷமும் கேட்டார். அப்படியே பழகிவிட்டது. ஜூன் முதல் வாரம் வந்தால் என் லிஸ்டுக்காகவே பத்திரிகை வாங்குகிறவர்கள் இருந்தார்கள். மதுரையிலிருந்து, திருச்சியிலிருந்து கோச்சுகள் வருவார்கள். சவரிமுத்து லிஸ்ட் என்று பேர். நான் வைத்த பேர் இல்லை சார், அவர்களாக வைத்தது.

எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று கேட்கிறீர்கள். எல்லாரும் கேட்பார்கள். ரகசியம் ஒன்றும் இல்லை. ஏறுமுகம் பார்ப்பேன். ஒருவன் முப்பது பாயிண்ட் போடுகிறான் என்றால் அவனை எல்லாருக்கும் தெரியும், அவனை விட்டுவிடுவேன். நாலு, ஆறு, ஏழு, பத்து என்று போகிறவன் இருப்பான் பாருங்க, அவனைக் குறித்துக்கொள்வேன். நோட்டில் எல்லா மேட்சும் இருக்கும். அதை வைத்து நாலு பேர் தேறுவார்கள். ஐந்தாவது பேர்தான் தொல்லை. பத்திரிகைக்காரர் அஞ்சு கேட்டாரே, நாலோடு நிறுத்த முடியாது. அந்த ஐந்தாவது பேருக்காக எனக்கு இரண்டு மூன்று நாள் சாப்பாடு இறங்காது.

வீட்டில் பேசிக்கொண்டே சாப்பிடும்போது ஏதாவது ஒரு பேர் மனசில் தோன்றும். அதைப் போட்டுவிடுவேன்.

என் வீட்டுக்காரி தையல்காரி. மரியபுஷ்பம் என்று பேர், புஷ்பம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். நம் கல்லூரி டீமுக்கும் பக்கத்துக் கல்லூரிகளுக்கும் பனியன், டிரவுசர் எல்லாம் அவள்தான் தைப்பாள். முதுகில் நம்பர் வெட்டி ஒட்டித் தைப்பதும் அவள்தான். ஜூலையில் பையன்கள் வரிசையாக வீட்டு வாசலில் நிற்பார்கள், இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒவ்வொருத்தனாக அளவெடுப்பாள். மேட்ச் நாட்களில் எனக்குச் சோறு கொண்டு வருவாள். கொண்டு வந்தவள் திரும்பிப் போக மாட்டாள், இங்கேயே உட்கார்ந்துவிடுவாள். நீங்க சாய்ந்திருக்கிற அதே தூண்தான். இடுப்பு வலிக்காரி, சாய்ந்துகொள்ள ஏதாவது வேண்டும் என்பாள்.

ஆட்டம் அவளுக்கு ஒன்றும் தெரியாது சார். கடைசி வரைக்கும் தெரியாது. ஃபவுல் என்றால் என்ன என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். யார் ஜெயிச்சது என்று வீட்டுக்குப் போனதும் என்னிடம்தான் கேட்பாள். எதிர் டீம் பையன் கீழே விழுந்தால் இவள் எழுந்து நிற்பாள். எனக்கு மேஜையில் உட்கார்ந்துகொண்டு மானம் போகும்.

ஆனால் பேச்சுத் துணைக்கு நல்லவள். நான் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, நாலு பேர் ஆச்சு புஷ்பம், அஞ்சாவதுக்கு யாரும் அமையல என்பேன். சும்மா சொல்வதுதான். அவளும் சும்மா எதையாவது சொல்வாள்.

ஒருமுறை அப்படித்தான், தங்கமாயன் என்று ஒரு பையன். போடி பக்கம். அந்த சீசன் முழுக்க அவன் போட்டது ரெண்டே ரெண்டு பாயிண்ட். இவள் சொல்கிறாள், "அந்த மாயன் பயலுக்கு போன ஆடிக்கும் இந்தத் தையிக்கும் கை ஒன்னரை இஞ்சு கூடியிருக்குங்க. ஷூவுக்குள்ள வெரல மடக்கி வச்சு நடக்கிறான். டிரவுசர்ல மூணு விரக்கடை மடிச்சு விட்டுத்தான் தைச்சிருக்கேன், அதுவும் பத்தாது." நான் சிரித்தேன். டிரவுசர் மடிப்புக்கும் பாஸ்கெட்பாலுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் மறுநாள் காலையில் பத்திரிகைக்காரர் ஆள் அனுப்பிவிட்டார். அவசரத்துக்கு அந்தப் பேரைத்தான் ஐந்தாவதாகப் போட்டேன். அடுத்த வருஷம் அவன் ஆறடி நாலு அங்குலம். அவன் கைக்கு மேலே பந்து போகாது. ரயில்வேயில் எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் என்னிடம் வந்து, எப்படி அண்ணே ரெண்டு பாயிண்ட் போட்டவனைக் கண்டுபிடிச்சீங்க என்றார்கள். அனுபவம்தான் என்றேன். வேறென்ன சொல்வது?

இன்னொருத்தன் எட்வின். பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பான், இறக்கவே மாட்டார்கள். ஆடுகிறவன் எந்தக் காலை வைக்கிறானோ அதே காலை இவன் பெஞ்சுக்கு அடியில் வைக்கிறான், ஆனால் கொஞ்சம் முன்னாடியே வைத்துவிடுகிறான் என்று இவள் சொன்னாள். அதையெல்லாம் ஷீட்டில் எங்கே எழுதுவது? அவனும் ஐந்தாவதாகப் போனான். மூன்று வருஷம் யூனிவர்சிட்டி கேப்டன்.

பாருங்க, இதுதான் எனக்கு இன்னும் புரியாதது. லிஸ்டில் முதல் பேருக்குத்தான் நான் அதிகம் யோசிப்பேன். பெரிய எழுத்தில் முதலில் வரும். ஆனால் கோச்சுகள் பத்திரிகையை வாங்கியதும் கடைசிப் பேரைத்தான் பார்ப்பார்கள். கீழேயிருந்து படிக்கிற பழக்கம் எப்படி வந்ததோ தெரியவில்லை.

மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. டீ வேண்டுமா? வேண்டாமா? சரி.

என் மனசில் இதில் ஒரே ஒரு குறைதான் சார். அதை யாரிடமும் சொன்னதில்லை. நீங்க வெளியூர்க்காரர், மழையும் பெய்கிறது, சொல்லலாம்.

இந்தத் தரையைக் கொத்தி மாற்றிப் போட்டார்களே, அதற்கு முந்தின வருஷம். சென்னையிலிருந்து ஒரு கோச் வந்திருந்தார். பெரிய கல்லூரி. உங்களைப் போலவே அவரிடமும் ஒரு சீட். அவர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்: உங்க லிஸ்ட்டில் கடைசியில் வருகிற பையனை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்க. அட்டெண்டர் நான். என் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து, காபி குடித்துவிட்டுப் போகிறார்.

நாலு பேர் ஆகிவிட்டது. ஐந்தாவதுக்கு என் நோட்டிலேயே அந்த வருஷம் ஒருத்தன் இருந்தான். கௌதம். ஐந்து, ஏழு, ஒன்பது, பதிமூன்று. ஏணி வைத்த மாதிரி ஏற்றம். எனக்குத் திருப்தி. சாப்பிடும்போது சும்மா அவளிடம் சொன்னேன்.

அவள் கேட்டாள், "அந்தப் பத்தாம் நம்பரு இல்லையா?"

பத்தாம் நம்பர் இருளப்பன். வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர் மகன். நோட்டைப் புரட்டினேன். பன்னிரண்டு மேட்ச், பன்னிரண்டு எக்ஸ். அதாவது எல்லா மேட்சிலும் இறங்கியிருக்கிறான். பாயிண்ட் என்ன என்று பார்த்தால் சைபர். பன்னிரண்டு மேட்சிலும் சைபர் சார். ஃபவுல் மட்டும் ஏழெட்டு. அவளுக்கு நோட்டைக் காட்டினேன், இங்கே பார், ஒன்றுமே இல்லை என்று.

அவள் நோட்டைப் பார்க்கவில்லை. அதற்கு முந்தின வாரம் இதே மாதிரி மழை. மேட்ச் நின்றது. பையன்கள் சாக்கை எடுத்துக்கொண்டு தண்ணீர் தள்ளினார்கள். இவள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மழையில் வீட்டுக்குப் போயிருக்கலாம், போகவில்லை.

"எல்லாரும் தண்ணி பின்னாலயே சாக்க வச்சு ஓடுறாங்க," என்றாள். "அந்தப் பய மட்டும் தண்ணி எங்க வரும்னு தெரிஞ்சு, முன்னாடியே போய் நிக்கிறான். தண்ணி அவங்கிட்ட வந்து சேருது. பந்தும் அப்படித்தாங்க வருது அவங்கிட்ட. வந்த உடனே அடுத்தவனுக்குக் குடுத்துர்றான். அதனாலதான் ஒங்க நோட்டுல இல்ல."

"தண்ணி தள்றவனுக்கெல்லாம் சீட்டு குடுத்தா கார்ப்பரேஷன்லதான் டீம் எடுக்கணும்," என்றேன் நான்.

அவள் சிரிக்கவில்லை. அவளிடம் ஒரு நல்ல குணம், நான் எது சொன்னாலும் கொஞ்சமாவது சிரிப்பாள். அன்றைக்கு இல்லை. "அவனுக்கு இது கடைசி வருசங்க. இப்ப விட்டா மண்டிக்குப் போயிருவான். ஒருக்கா எழுதுங்க. எனக்காக எழுதுங்க," என்றாள்.

இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் எனக்காக என்று அவள் கேட்டது அது ஒன்றுதான். சேலை கேட்டதில்லை. ஆனால் சார், நீங்களே சொல்லுங்க. சென்னைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறேன் என்கிறார். அவர் கண்ணை மூடினால் நான் திறந்து வைத்திருக்க வேண்டாமா? சைபர் போட்ட பையனை எழுதிக் கொடுத்தால், நாளைக்கு ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? கௌதமைத்தான் எழுதினேன். அது நியாயம்தானே?

அவள் இஞ்சு டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "சரிங்க. ஒங்க நோட்டு, ஒங்க பேரு," என்றாள்.

கௌதம் சென்னைக்குப் போனான். முதல் மாதத்திலேயே ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்று திரும்பி வந்துவிட்டான். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? சாப்பாடு பிடிக்காது என்று ஷீட்டில் வருமா? சென்னைக்காரர் அதற்கப்புறம் வரவில்லை. இருளப்பன் மண்டிக்குப் போனான்.

அடுத்த வருஷம் தரை மாற்றினார்கள். அங்கேயிருந்துதான் சார் எல்லாம் கெட்டது. என் லிஸ்ட் அன்றிலிருந்து சரியாக வரவில்லை. நான் ரொம்ப யோசித்துப் பார்த்துவிட்டேன். பழைய தரையில் பந்து எழும்புகிற உயரம் வேறு. இப்போது வருகிற பையன்கள் தூரத்திலிருந்து வீசினால் போதும் என்று நினைக்கிறார்கள், கையில் எப்போதும் போன் வேறு. ஏறுமுகம் என்பதே இல்லை. பதினைந்து போடுகிறவன் அடுத்த மேட்சில் இரண்டு போடுகிறான். நான்கு ஐந்து வருஷம் எழுதிப் பார்த்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. அப்புறம் அந்தப் பத்திரிகையும் நின்றுபோனது. இப்போது நோட்டில் எனக்காக எழுதி வைத்துக்கொள்கிறேன். போன வருஷம் எழுதின ஐந்து பேரில் இரண்டு பேர் ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள்.

புஷ்பத்துக்கும் அதே சமயத்தில்தான் ஆட்டத்தில் பிடிப்பு விட்டுப்போனது. வயதாகிவிட்டது இல்லையா? சோறு கொண்டு வருவாள், தூணோரம் உட்காருவாள். ஆனால் வாய் திறக்க மாட்டாள். நான்தான் சாப்பிடும்போது, நாலு ஆச்சு, அஞ்சாவதுக்கு யாரும் அமையல என்பேன். "நீங்கதான பாத்தீங்க," என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றுவாள். பதினோரு வருஷம் அதே பதில். கோபம் என்று நினைக்காதீங்க, முகம் சாதாரணமாகத்தான் இருக்கும். எனக்கு அதுதான் குறை. வீட்டில் ஒருத்தி நம்மோடு பேச்சுக்குப் பேச்சு பேசிக்கொண்டிருந்தால்தானே மனுஷனுக்கு ஒரு யோசனை ஓடும்? வாயில்லாத சாப்பாட்டில் என்ன பேர் தோன்றும்?

அந்த இருளப்பனை அப்புறமும் ஒருமுறை பார்த்தேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு மில் டீமுக்கு ஆள் குறைந்தது என்று யாரோ அவனைக் கூட்டிவந்து இறக்கினார்கள். நம் கல்லூரிக்கு எதிராக, இதே தரையில். நம்ம டீமில் அப்போது ஒரு பெரிய கை, மேட்சுக்கு இருபத்தைந்து போடுகிறவன். அவனைத் தடுக்க இருளப்பனைத்தான் விட்டார்களாம். அன்றைக்கு அவன் மூன்றோடு நின்றான். என்ன உடம்போ அவனுக்கு. நாம் தோற்றோம். ஷீட்டில் இருளப்பனுக்கு என்ன தெரியுமா? நாலு பாயிண்ட். வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொன்னேன், பார்த்தியா, உன் பத்தாம் நம்பர் இன்றைக்கும் நாலுதான், நான் எழுதாமல் விட்டது சரிதானே என்று. அவள் மிஷினில் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கோத்தாள்.

அவள் போய் இந்த ஆவணியோடு நாலு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுப் படுத்தவள்தான்.

அடக்கத்துக்கு இருளப்பன் வந்திருந்தான். லோடு ஆட்டோ ஓட்டுகிறான் இப்போது. எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை, நான்தான் பத்தாம் நம்பர் அண்ணே என்றான். பிற்பாடு எல்லாரும் கலைந்தும் அவன் போகாமல் நின்றான். ஏதோ சொல்ல வந்தவன் மாதிரி. கடைசியில் சொன்னான், "பந்து என்கிட்ட இல்லாதப்ப அம்மா என்னயப் பாப்பாங்கண்ணே."

பந்து இல்லாதபோது பார்க்க என்ன இருக்கிறது? துக்க வீட்டில் வந்தவர்கள் ஏதாவது சொல்ல வேண்டும் இல்லையா, சொல்லிவிட்டுப் போனான். அதை ஏனோ நான் மறக்கவில்லை.

விடுங்க. மழை குறைந்துவிட்டது பாருங்க. பையன்கள் சாக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். உங்க விஷயத்துக்கு வருவோம். உங்களுக்கு நான் பேர் சொல்கிறேன். சும்மா சொல்லவில்லை, நோட்டோடு சொல்கிறேன். இதோ, கரூர் டீமில் ஒன்பதாம் நம்பர், ஹரிபாபு. இந்த சீசன் கடைசி நாலு மேட்ச்: ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு. இன்றைக்கு நின்ற நேரத்துக்கு ஒன்பது. இன்னும் ஒரு குவார்ட்டருக்கு மேலே இருக்கிறது, பதினாலைத் தொடுவான். இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமான ஏற்றத்தை நான் ரெண்டு மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். பிரின்சிபாலுக்குப் போன் போட்டு ஒன்பதாம் நம்பர் என்று தைரியமாகச் சொல்லுங்க. ஒருவேளை பலித்தால், அடுத்த வருஷம் யாராவது கேட்டால், திண்டுக்கல் சவரிமுத்து சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும். பதினாறு வருஷமாகிறது சார், என் வாயில் வந்த ஒரு பேர் பலித்து.

எழுதிக்கொண்டீர்களா? எங்கே, காட்டுங்க.

இது என்ன சார், பதினைந்து என்று எழுதியிருக்கிறீர்கள்?

நம்ம திண்டுக்கல் டீமில் பதினைந்தா? இருங்க, நோட்டில் பார்க்கிறேன். மேட்ச் ஒன்று, எக்ஸ். மேட்ச் இரண்டு, எக்ஸ். இன்றைக்கும் எக்ஸ். பாயிண்ட் சைபர். மூன்றிலும் சைபர் சார். ஃபவுல் ரெண்டு. இவனை எப்படி எடுத்தீங்க? மேட்சே நடக்கவில்லையே, அரை மணி நேரமாக நீங்களும் நானும் மழையைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம். நான் பேசப்பேச நீங்க தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரியும். கதை கேட்கிறவர் முகத்தைப் பார்க்கவில்லையே என்றுகூட நினைத்தேன்.

எங்கே? பேனாவால் காட்டுங்க. அந்த மூலையிலா?

ஆமாம், நிற்கிறான். சும்மா நிற்கிறான் சார். மற்றவர்கள் ஓடி ஓடித் தள்ளுகிறார்கள், இவன் சாக்கை விரித்துப் போட்டுவிட்டு நிற்கிறான். அங்கே தண்ணீரே இல்லையே.

இல்லை, வருகிறது.

ஒன்பதாம் நம்பர் தள்ளிய தண்ணீர், கோட்டைத் தாண்டி, வளைந்து... அங்கேதான் வருகிறது. இந்தத் தரை அந்தப் பக்கம் சரிவு என்று எனக்கே தெரியாது.

இப்போது நகர்ந்துவிட்டான். ஏன் அங்கே போகிறான்? சரி, அங்கேயும் வருகிறது.

நீங்க ஒன்றும் சொல்ல வேண்டாம் சார். ஒரு நிமிஷம் சும்மா இருங்க.

பேர் அழகுராஜா. ஷீட்டில் கே. அழகுராஜா என்று இருக்கும், இரண்டாம் பக்கம் இல்லை, முதல் பக்கத்திலேயே, கடைசியில். பி.காம். மூன்றாம் வருஷம். அப்பா பேர் தெரியாது, மேஜையில் கேட்டால் சொல்வார்கள். எழுதிக்குங்க. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

விசில் ஊதப்போகிறார்கள். மேட்ச் முடிந்ததும் போன் போடுங்க, இல்லை, இப்போதே போடுங்க, எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பேசிவிட்டு வாங்க. இங்கே மைக் சத்தத்தில் கேட்காது. பையை வைத்துவிட்டுப் போங்க, நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் உட்காருகிறேன் சார். மேஜையை விட்டு வந்த பிறகு இத்தனை வருஷமும் நான் இந்தக் கீழ்ப்படியில்தான். தூணில் சாய்ந்ததே இல்லை.

இருங்க, போகாதீங்க. ஒரே ஒரு விஷயம். இங்கே வந்து பாருங்க. முன்பக்கத் தூண் நேராக வந்து மறைக்கிறது. தலையை இந்தப் பக்கம் சாய்த்தாலும் மறைக்கிறது. முப்பது வருஷம் அவள் இங்கேதான் உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் கூட என்னிடம் சொல்லவில்லை. இங்கேயிருந்து ஸ்கோர் போர்டே தெரியவில்லையே சார்.